உச்சம் தொடாமல் மறைந்த பேஸ்பால் நட்சத்திரங்கள்: காரணம் என்ன? அதன்பின் மாறியது என்ன?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் தேசிய பேஸ்பால் புகழரங்கம் அமைந்துள்ளது. அந்நாட்டின் மேஜர் லீக் போட்டிகளில் சிறந்து விளங்கியவர்களின் உருவம் பொறித்த வெண்கலப் பட்டயங்கள் அங்கு சுவர்களை அலங்கரிக்கின்றன. அந்தப் பட்டியலில் இடம்பெற ஒரு வீரர் குறைந்தது 10 பருவங்கள் மேஜர் லீக்கில் ஆடியிருக்க வேண்டும் என்பது அடிப்படைத் தகுதியாகும்.

அத்தகுதியை எட்டாமலும், எட்டியும் தம் திறனின் முழு அளவைக் காட்ட முடியாமலும் களத்தை விட்டு வெளியேறிய வீரர்களின் பட்டியல் நீளமானது. இருபது வயதில் நாடே கொண்டாடியவர்களில் சிலர் முப்பது வயதுக்குள் மறக்கப்பட்டனர். அவர்களது வீழ்ச்சிக்குச் சோம்பலோ ஒழுக்கக்குறைவோ காரணம் எனப் பல நேரங்களில் பேசப்பட்டது. பெரும்பாலான நிகழ்வுகளில் உண்மைக் காரணம் வேறாக இருந்தது. அக்காலத்தில் இல்லாத ஒரு பாதுகாப்பு ஏற்பாடு, கண்டறியப்படாத ஒரு காயம், அல்லது அவசரப்பட்ட ஒரு நிர்வாக முடிவு அவர்களது வாழ்க்கையைத் திசைமாற்றியது. இன்று பேஸ்பால் மைதானங்களில் காணப்படும் பல பாதுகாப்பு நடைமுறைகளுக்குப் பின்னால் இத்தகைய வீரர் ஒருவரின் இழப்பு இருக்கிறது.

பேஸ்பால் வீச்சும் கிரிக்கெட் வீச்சும்

பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீச்சாளர், மட்டையாளரிடமிருந்து 18.44 மீட்டர் தொலைவில் உள்ள ஒரு மேட்டில் நின்று வீசுகிறார். கிரிக்கெட்டைப் போல ஓடிவந்து வீசுவதில்லை. பந்து தரையில் பட்டு எழும்புவதும் இல்லை. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து அரை விநாடிக்கும் குறைவான நேரத்தில் மட்டையாளரை அடைகிறது. மட்டையாளர் மூன்று வாய்ப்புகளையும் தவறவிட்டு ஆட்டமிழப்பதை ஸ்ட்ரைக் அவுட் என்பர். ஒரு வீச்சாளரின் ஆற்றலை அளக்கும் முதன்மையான அளவுகோல்களில் இதுவும் ஒன்று.

கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் முழங்கையை ஏறக்குறைய நேராக வைத்தே வீச வேண்டும் என்பதால், அவரது கீழ்முதுகும் கால்களும் பெருஞ்சுமையைத் தாங்குகின்றன. பேஸ்பாலில் முழங்கையை மடக்கிச் சாட்டையைப் போலச் சுழற்றி வீசுகின்றனர். அப்போது முழங்கையின் உட்புறத்தில் மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இணைக்கும் சிறிய தசைநார், ஒவ்வொரு வேகப்பந்தின்போதும் அதன் தாங்குதிறனின் எல்லை வரை இழுபடுகிறது. தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசைகளின் நிலையும் இதுவே. பயிற்சியால் தசைகளை வலுவாக்கலாம். தசைநாரை அந்த அளவுக்கு வலுவாக்க இயலாது. பேஸ்பால் வரலாற்றில் பாதியில் முடிந்த பெரும்பாலான வாழ்க்கைகள் இந்த ஓர் உடலியல் உண்மையில் வந்து முடிகின்றன.

சுவரில் மோதிய இளைஞர்

காயம் கையில்தான் ஏற்பட வேண்டும் என்பதில்லை. 1941-ஆம் ஆண்டு புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் நடுத்திடல் தடுப்பாட்டக்காரரான பீட் ரைசர், தமது 22-ஆவது வயதில் 0.343 என்ற சராசரியுடன் நேஷனல் லீகின் சிறந்த மட்டையாளர் பட்டத்தை வென்றார். அந்த லீகில் அதுவரை அவ்வளவு இளவயதில் எவரும் அப்பட்டத்தை வென்றதில்லை. அவரது ஆட்டத்தின் பலத்தில் அந்த அணி 1920-க்குப் பிறகு முதன்முறையாக லீக் சாம்பியன் ஆனது.

அடுத்த ஆண்டு ஜூலை மாதம் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஆட்டத்தில், உயரப் பறந்த பந்தைப் பிடிக்கப் பின்னோக்கி ஓடிய ரைசர் கான்கிரீட் சுவரில் தலைமோதி விழுந்தார். முழுமையாகக் குணமடைவதற்கு முன்பே மீண்டும் களமிறங்கினார். தலைசுற்றலும் பார்வைக் குழப்பமும் தொடர்ந்தன. அதுவரை 0.350-ஐ ஒட்டியிருந்த அவரது சராசரி, பருவ முடிவில் 0.310 ஆகக் குறைந்தது. 104 வெற்றிகளைப் பெற்ற டாட்ஜர்ஸ், இரண்டே ஆட்ட வேறுபாட்டில் அவ்வாண்டு லீக் பட்டத்தை இழந்தது.

1947-ஆம் ஆண்டு சொந்த மைதானமான எபெட்ஸ் ஃபீல்டிலேயே மீண்டும் சுவரில் மோதினார். நிலைமை கவலைக்கிடமாக இருந்ததால், இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்குக் கத்தோலிக்க மரபில் செய்யப்படும் இறுதிச் சடங்கு அவருக்கு நடத்தப்பட்டது. உயிர் பிழைத்தபோதிலும் பழைய ஆட்டம் திரும்பவில்லை. ரைசரையும் வில்லி மேஸையும் அணி மேலாளராக வழிநடத்திய லியோ டுரோச்சர், மேஸுக்கு இணையாகச் சொல்லத்தக்க திறமை ரைசரிடம் இருந்தது எனப் பிற்காலத்தில் கருத்துத் தெரிவித்தார்.

1948-இல் எபெட்ஸ் ஃபீல்டின் சுவர்களுக்கு மெத்தை உறை போடப்பட்டது. அதையடுத்து, சுவரை நெருங்குவதைக் காலடி உணர்விலேயே தடுப்பாட்டக்காரருக்கு உணர்த்தும் புல்லற்ற எச்சரிக்கைப் பாதை மேஜர் லீக் மைதானங்களில் கட்டாயமாக்கப்பட்டது. இன்று ஒவ்வொரு மைதானத்திலும் காணப்படும் அந்த மண்பாதைக்கு ரைசரின் விபத்துகள் முக்கியக் காரணமாகக் கருதப்படுகின்றன.

பந்து தாக்கிய இருவர்

1955-இல் கிளீவ்லாந்து அணியில் அறிமுகமான இடக்கை வீச்சாளர் ஹெர்ப் ஸ்கோர், முதல் பருவத்திலேயே 245 ஸ்ட்ரைக் அவுட்டுகளை எடுத்தார். அறிமுக வீரர் ஒருவரின் சாதனையாக அது ஏறக்குறைய 30 ஆண்டுகள் நீடித்தது. மறு ஆண்டு 20 வெற்றிகளும் 263 ஸ்ட்ரைக் அவுட்டுகளும் பெற்றார். 1957-இன் தொடக்கத்தில் அவரை வாங்கப் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 10 லட்சம் டாலர் தர முன்வந்தது. அக்காலத்தில் அது எவரும் எண்ணிப் பார்த்திராத தொகை. கிளீவ்லாந்து நிர்வாகம் அதை ஏற்க மறுத்துவிட்டது.

அதே ஆண்டு மே 7 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில், கில் மெக்டூகால்ட் அடித்த பந்து நேராக வந்து ஸ்கோரின் வலக்கண்ணைத் தாக்கியது. ஸ்கோருக்குப் பார்வை போனால் ஆட்டத்தையே விட்டுவிடுவேன் என மெக்டூகால்ட் செய்தியாளர்களிடம் கூறும் அளவுக்கு மனமுடைந்தார். பார்வை திரும்பியது; ஸ்கோர் அடுத்த ஆண்டு களத்துக்கும் திரும்பினார். ஆனால் 55 வெற்றிகளுடன் அவரது ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

கண்ணில் பட்ட அடியே அவரை வீழ்த்தியது எனப் பொதுவாக நம்பப்படுகிறது. ஸ்கோர் அதைத் தம் வாழ்நாள் முழுவதும் மறுத்தார். 1958-இல் ஈரப்பதமான ஓர் இரவில் வீசியபோது முழங்கையில் ஏற்பட்ட காயமே தம் வேகத்தைக் குறைத்தது என்பது அவரது விளக்கம். அனைவரும் பார்த்த விபத்து நினைவில் தங்கியது. எவருக்கும் தெரியாத தசைநார்க் காயம் மறக்கப்பட்டது. பிற்காலத்தில் கிளீவ்லாந்து ஆட்டங்களின் வர்ணனையாளராக முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றிய ஸ்கோர், 2008-இல் காலமானார்.

மட்டையாளர்களுக்கும் இத்தகைய ஆபத்து இருந்தது. பாஸ்டனைச் சேர்ந்த டோனி கோனிக்லியாரோ, 1965-இல் தமது 20-ஆவது வயதில் 32 ஹோம் ரன்கள் அடித்து அமெரிக்கன் லீகில் முதலிடம் பிடித்தார். 22 வயதிலேயே 100 ஹோம் ரன்களைக் கடந்தார். 1967 ஆகஸ்ட் 18 அன்று ஃபென்வே பார்க் மைதானத்தில், கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் வீச்சாளர் ஜாக் ஹாமில்டனின் பந்து அவரது இடப்பக்க முகத்தில் பாய்ந்தது. கன்ன எலும்பு முறிந்து, தாடை விலகி, விழித்திரை சேதமடைந்தது. அன்று அவர் அணிந்திருந்த ஹெல்மெட்டில் காதையும் கன்னத்தையும் மறைக்கும் பகுதி இல்லை.

ஓராண்டு ஓய்வுக்குப் பின் 1969-இல் திரும்பிய அவர், 1970-இல் 36 ஹோம் ரன்கள் அடித்து வியக்க வைத்தார். ஆனால் பார்வை மீண்டும் மங்கியதால் 1971-இல் விலக நேரிட்டது. 1975-இல் மேற்கொண்ட மறுமுயற்சியும் நீடிக்கவில்லை. 1990-இல் தமது 45-ஆவது வயதில் காலமானார். மேஜர் லீகில் ஹெல்மெட் 1971-இல் கட்டாயமானது. 1983 முதல் புதிதாக நுழையும் ஒவ்வொரு மட்டையாளரும் காது மறைப்புள்ள ஹெல்மெட்டையே அணிய வேண்டும் என விதிக்கப்பட்டது. துன்பத்தை வென்று மீளும் வீரருக்குக் கோனிக்லியாரோவின் பெயரால் ஆண்டுதோறும் விருது வழங்கப்படுகிறது.

ஒரே கோடையின் நாயகன்

1976-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் 21 வயது வீச்சாளர் மார்க் ஃபிட்ரிச் அமெரிக்கா முழுவதையும் ஈர்த்தார். வீசும் முன் பந்தோடு பேசுவது போல முணுமுணுப்பதும், மண்டியிட்டு மேட்டின் மண்ணைக் கையால் சமன் செய்வதும் அவரது வழக்கம். குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வரும் பெரிய மஞ்சள் பறவையின் சாயல் இருந்ததால் 'பேர்ட்' எனச் செல்லமாக அழைக்கப்பட்டார். அவர் வீசும் நாட்களில் டெட்ராய்ட் மைதானம் நிரம்பி வழிந்தது. அவ்வாண்டு 19 வெற்றிகளுடன் சிறந்த அறிமுக வீரர் விருதையும் பெற்றார்.

அந்தப் பருவத்தின் மற்றொரு புள்ளிவிவரம் இன்றைய பயிற்சியாளர்களைத் திகைக்க வைக்கும். அவர் தொடங்கிய 29 ஆட்டங்களில் 24 ஆட்டங்களை மாற்று வீச்சாளர் உதவியின்றித் தாமே வீசி முடித்தார். இன்று மேஜர் லீகில் ஓர் அணியின் எல்லா வீச்சாளர்களும் சேர்ந்து ஒரு பருவத்தில் அதில் கால் பங்கைக் கூட எட்டுவது அரிது.

1977-இல் பயிற்சி முகாமில் ஃபிட்ரிச்சின் முழங்காலில் காயம் ஏற்பட்டது. அதிலிருந்து திரும்பிய சில வாரங்களில் தோளில் வலி தொடங்கியது. கை செயலற்றுப் போனதாக அவர் உணர்ந்தார். காரணத்தை எவராலும் கூற முடியவில்லை. மூட்டின் உட்புறத்தைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. பரிசோதனை அப்போது நடைமுறையில் இல்லை. ஆண்டுக்கணக்கில் மைனர் லீகில் போராடிய அவர், மொத்தம் 29 மேஜர் லீக் வெற்றிகளுடன் 1983-இல் ஓய்வு பெற்றார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து மருத்துவர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் பரிசோதித்தபோதுதான், தோள் மூட்டைச் சூழ்ந்த தசை கிழிந்திருந்தது தெரியவந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பண்ணை வைத்து லாரி ஓட்டிப் பிழைத்த ஃபிட்ரிச், 2009-இல் அந்த லாரியைப் பழுதுபார்க்கும்போது நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார்.

நம்பப்படாத வலி

இவ்வகை நிகழ்வுகளில் மிகவும் வருத்தத்துக்குரியது ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் வீச்சாளர் ஜே.ஆர். ரிச்சர்டின் கதை. 6 அடி 8 அங்குல உயரம் கொண்ட ரிச்சர்ட், 1978-இல் 303, 1979-இல் 313 என அடுத்தடுத்த ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஸ்ட்ரைக் அவுட்டுகளை எடுத்தார். 1980 ஜூலையில் நடந்த ஆல் ஸ்டார் ஆட்டத்தை நேஷனல் லீக் சார்பில் தொடங்கிவைக்கும் பெருமையும் அவருக்குக் கிடைத்தது.

ஆனால் அந்தப் பருவம் முழுவதும் கை மரத்துப்போவதாகவும், சோர்வாக இருப்பதாகவும் அவர் முறையிட்டு வந்தார். பந்து வழக்கமான வேகத்தில் சென்றுகொண்டிருந்ததால் அதைப் பலர் நம்பவில்லை. அவர் சோம்பேறி என்றும், அணியின் மற்றொரு வீச்சாளருக்குக் கிடைத்த பெரும் ஊதியத்தைக் கண்டு பொறாமைப்படுகிறார் என்றும் பத்திரிகைகளில் எழுதப்பட்டது. மருத்துவப் பரிசோதனையில் தமனியில் அடைப்பு இருப்பது தெரிந்தபோதும், மேற்பார்வையுடன் பயிற்சியைத் தொடரலாம் எனக் கருதப்பட்டது. ஜூலை 30 அன்று ஆஸ்ட்ரோடோம் அரங்கில் இலகுவான பயிற்சியில் ஈடுபட்டிருந்தபோது பக்கவாதம் தாக்கி அவர் சரிந்து விழுந்தார். அப்போது அவருக்கு வயது 30. அவசர அறுவைச் சிகிச்சையில் உயிர் காப்பாற்றப்பட்டது. மேஜர் லீக் மேட்டில் அவர் மீண்டும் ஏறவே இல்லை.

அவரைப் பாதித்தது, கழுத்துக்கும் தோளுக்கும் இடையே உள்ள குறுகிய வழியில் கைக்குச் செல்லும் இரத்தக்குழாய் நசுக்கப்படும் நிலையாகும். கையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆயிரக்கணக்கான முறை வீசுவோருக்கு இந்நிலை ஏற்படுவதற்கான வாய்ப்பு அதிகம். இன்று கை மரத்துப்போவதாக வீச்சாளர் ஒருவர் கூறினால், இந்நோய் உள்ளதா என மருத்துவர்கள் ஆராய்கின்றனர். அதற்கான அறுவைச் சிகிச்சையும் உள்ளது. வணிக முயற்சிகளில் பணத்தை இழந்து, 1990-களில் ஹூஸ்டனில் ஒரு பாலத்தின் அடியில் தங்கும் நிலைக்கு வந்த ரிச்சர்ட், பின்னர் மீண்டு மதபோதகராகப் பணியாற்றினார். 2021-இல் காலமானார்.

அவசரப்படுத்தப்பட்ட பதினெட்டு வயது

உடற்காயம் இல்லாமலும் ஒரு வாழ்க்கை கருகக்கூடும் என்பதற்கு டேவிட் கிளைட் உதாரணம். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆடும் இளம் வீரர்களை மேஜர் லீக் அணிகள் முறைவைத்துத் தேர்வு செய்யும் நடைமுறைக்கு டிராஃப்ட் என்று பெயர். அவ்வாறு தேர்வாகும் வீரர்கள் வழக்கமாக மைனர் லீக் எனப்படும் கீழ்நிலைப் போட்டிகளில் சில ஆண்டுகள் பயிற்சி பெற்ற பிறகே மேலே வருகின்றனர்.

1973-இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி, ஹூஸ்டன் பள்ளி மாணவரான கிளைட்டை முதலாவதாகத் தேர்வு செய்தது. மைதானத்துக்குக் கூட்டம் வராமல் தவித்த அந்த அணி, அவரை மைனர் லீகுக்கு அனுப்பாமல் நேரடியாகவே களமிறக்கியது. கடைசிப் பள்ளி ஆட்டம் முடிந்த 20 நாட்களில், ஜூன் 27 அன்று, 18 வயதில் அவர் மேஜர் லீகில் வீசினார். ஆர்லிங்டன் மைதானம் முதன்முறையாக நிரம்பியது. அவர் வெற்றியும் பெற்றார்.

தொடக்கத்தில் சில ஆட்டங்களுக்குப் பிறகு அவரை மைனர் லீகுக்கு அனுப்புவதாகவே திட்டம் இருந்தது. ஆனால் நுழைவுச்சீட்டு விற்பனை அதற்கு இடம் தரவில்லை. அனுபவம் வாய்ந்த மட்டையாளர்கள் அவரது வீச்சை விரைவில் புரிந்துகொண்டனர். பின்னர் தோள் காயமும் சேர்ந்துகொண்டது. 18 வெற்றி, 33 தோல்வி என்ற கணக்குடன் 24 வயதில் அவரது மேஜர் லீக் வாழ்க்கை முடிவடைந்தது. ஓய்வூதியம் பெறத் தேவையான பணிக்காலத்துக்கு 37 நாட்களே அவருக்குக் குறைவாக இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. இளம் வீரரைக் காட்சிப்பொருளாக்கி மேலே கொண்டுவரக் கூடாது என்பதற்கு அமெரிக்கப் பயிற்சியாளர்கள் இன்றும் அவரது பெயரைக் கூறுகின்றனர்.

1991-இல் யாங்கீஸ் அணி முதலாவதாகத் தேர்வு செய்த பிரையன் டெய்லருக்கு 15.5 லட்சம் டாலர் ஒப்பந்தத் தொகை வழங்கப்பட்டது. அது அன்றைய சாதனை. 1993 டிசம்பரில் தம் சகோதரருக்காக ஒரு தகராறில் தலையிட்டபோது அவரது வீசும் கையின் தோள் மூட்டு விலகிக் கிழிந்தது. அவர் மேஜர் லீகில் ஒரு பந்தும் வீசாமலே ஓய்வு பெற்றார்.

அறுவைச் சிகிச்சை தந்த இரண்டாம் வாய்ப்பு

1974-ஆம் ஆண்டு வரை முழங்கைத் தசைநார் கிழிந்தால் வீச்சாளரின் வாழ்க்கை முடிந்தது என்றே பொருள். அவ்வாண்டு செப்டம்பர் 25 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற வீச்சாளரின் மற்றொரு கையிலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்து, கிழிந்த தசைநாருக்கு மாற்றாகப் பொருத்தினார். வெற்றி வாய்ப்பு நூற்றில் ஒன்று எனக் கணிக்கப்பட்டது. ஆனால் 1976-இல் திரும்பிய ஜான், மேலும் 164 ஆட்டங்களில் வென்றார். அச்சிகிச்சை இன்று அவரது பெயராலேயே அழைக்கப்படுகிறது.

சிகாகோ கப்ஸ் அணியின் கெர்ரி வுட் இதன் பயனைப் பெற்றவர்களில் ஒருவர். 1998 மே 6 அன்று, தமது 20-ஆவது வயதில், ஹூஸ்டன் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 20 ஸ்ட்ரைக் அவுட்டுகளை எடுத்து ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டங்களுக்கான சாதனையைச் சமன் செய்தார். அடுத்த ஆண்டு முழுவதையும் முழங்கை அறுவைச் சிகிச்சையால் இழந்தார். 2012 வரை ஆடியபோதும், அந்த ஒரு நாள் காட்டிய உயரத்தை அவரால் மீண்டும் எட்ட இயலவில்லை.

அதே அணியின் மார்க் பிரையர் 2003-இல் 22 வயதில் 18 வெற்றிகளும் 245 ஸ்ட்ரைக் அவுட்டுகளும் பெற்றார். அவரது வீச்சு முறை குறையற்றது எனப் பயிற்சியாளர்கள் போற்றினர். பருவத்தின் இறுதிக் கட்டத்தில் சாம்பியன் பட்டத்தைத் துரத்திய அணி, பல ஆட்டங்களில் அவரை 120 பந்துகளுக்கு மேல் வீச வைத்தது. தொடர்ந்து தோளிலும் குதிகாலிலும் காயங்கள் ஏற்பட்டன. 2005-இல் மட்டையிலிருந்து திரும்பி வந்த பந்து முழங்கை எலும்பையும் முறித்தது. 2006-இல், 25 வயதில், அவர் வீசிய ஆட்டமே மேஜர் லீகில் அவரது கடைசி ஆட்டமானது. மிகை வீச்சே முழுக் காரணம் என உறுதியாகக் கூற இயலாது. ஆயினும், ஓர் ஆட்டத்தில் ஒரு வீச்சாளர் வீசும் பந்துகளை எண்ணிக் கட்டுப்படுத்தும் வழக்கம் வலுப்பெற்றதில் பிரையரின் அனுபவத்துக்குப் பங்குண்டு. 2020 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் வீச்சுப் பயிற்சியாளராகப் பொறுப்பு வகிக்கும் அவர், உலகத் தொடரை வென்ற அணிகளில் இடம்பெற்றுள்ளார்.

கையில் குறையில்லாமலே வீச்சு மறந்துபோவதும் உண்டு. செயின்ட் லூயிஸ் அணியின் 21 வயது ரிக் அங்கீல், 2000 அக்டோபரில் ஒரு முக்கிய ஆட்டத்தின் ஒரே இன்னிங்ஸில் ஐந்து பந்துகளைக் கட்டுப்பாடின்றி வீசினார். அதன்பின் வீச்சுக் கட்டுப்பாடு திரும்பவில்லை. அவர் மட்டையாளராகத் தம்மை மாற்றிக்கொண்டு 2007-இல் மேஜர் லீகுக்குத் திரும்பி, மொத்தம் 76 ஹோம் ரன்கள் அடித்தார். மனநிலை சார்ந்த இத்தகைய தடைகளுக்கு இப்போது அணிகள் உளவியல் வல்லுநர்களை நியமித்துள்ளன.

இந்திய இளைஞர்கள் இருவர்

இந்தச் சிக்கலை இந்தியாவைச் சேர்ந்த இருவரும் நேரில் அறிந்தனர். 2008-இல் இந்தியாவில் நடத்தப்பட்ட 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற வேகவீச்சுப் போட்டியின் வழியாக, உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறிதல் வீரர்களான ரிங்கு சிங், தினேஷ் படேல் ஆகியோர் கண்டறியப்பட்டனர். அதற்கு முன் பேஸ்பால் ஆடியே இராத அவர்களை அவ்வாண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. 2014-இல் அவர்களது கதை திரைப்படமாகவும் வந்தது.

தினேஷ் படேல் 2010-இல் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். ரிங்கு சிங் மைனர் லீகில் மேலும் சில ஆண்டுகள் முன்னேறினார். படம் வெளியாவதற்கு முன்பே அவரது கையில் காயங்கள் தொடங்கியிருந்தன. முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவரால் மீண்டும் போட்டிகளில் நிலைபெற இயலவில்லை. பின்னர் அவர் தொழில்முறை மல்யுத்தக் காட்சிகளுக்கு மாறினார்.

இன்றைய நிலை

விதிகளும் மருத்துவமும் இவ்வளவு முன்னேறிய பின்னும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. மேஜர் லீக் நிர்வாகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, வேகப்பந்தின் சராசரி வேகம் 2008-இல் மணிக்கு சுமார் 147 கிலோமீட்டராக இருந்து 2024-இல் சுமார் 152 கிலோமீட்டராக உயர்ந்துள்ளது. மேஜர், மைனர் லீகுகளில் முழங்கைத் தசைநார் அறுவைச் சிகிச்சைகள் 2010-இல் 104 ஆக இருந்தன. 2024-இல் 281 ஆகிவிட்டன. ஒவ்வொரு பந்தையும் முழு வலுவுடன் வீசும் போக்கும், வேகத்தைக் கூட்டுவதற்கென்றே அளிக்கப்படும் பயிற்சியும் இதற்குக் காரணங்களாகக் குறிப்பிடப்பட்டுள்ளன. வேகமாக வீசும் சிறுவனையே அணிகள் தேடிவந்து தேர்வு செய்வதால், இந்தப் போக்கு பள்ளி நிலையிலேயே தொடங்கிவிடுகிறது.

வாஷிங்டன் நேஷனல்ஸ் வீச்சாளர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கின் அனுபவம் இதற்குச் சான்று. 2009-இன் முதல் தேர்வான அவர், 2010-இல் அறிமுக ஆட்டத்திலேயே 14 ஸ்ட்ரைக் அவுட்டுகள் எடுத்து, அதே ஆண்டு முழங்கை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானார். 2012-இல் அணி பட்டத்துக்குப் போட்டியிட்டபோதும், அவரது கையைக் காக்கச் செப்டம்பரிலேயே ஓய்வு அளிக்கப்பட்டது. 2019 உலகத் தொடரின் சிறந்த வீரர் விருதை வென்றார். அதன்பின் 24.5 கோடி டாலர் மதிப்பில் ஏழாண்டு ஒப்பந்தம் பெற்ற அவரால் எட்டு ஆட்டங்களை மட்டுமே தொடங்க முடிந்தது. ஜே.ஆர். ரிச்சர்டைப் பாதித்த அதே வகை நோய்க்கு 2021-இல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஸ்ட்ராஸ்பர்க், 2024-இல் ஓய்வை அறிவித்தார். ரிச்சர்டுக்குக் கிடைக்காத நோயறிதலும் சிகிச்சையும் ஒப்பந்தப் பாதுகாப்பும் இவருக்குக் கிடைத்தன. கை மட்டும் திரும்பவில்லை.

இந்நிலையில், தீர்வைச் சிறார் நிலையில் தேடும் முயற்சிகள் நடந்துவருகின்றன. லிட்டில் லீக் சிறுவர் போட்டிகளில் 2007 முதல் பந்து எண்ணிக்கை வரம்பு நடைமுறையில் உள்ளது. மேஜர் லீகும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், 9, 10 வயதுச் சிறுவர்கள் ஒரு நாளில் 75 பந்துகளுக்கு மேல் வீசக் கூடாது என்றும், 17, 18 வயதினருக்கு 105 பந்துகளே எல்லை என்றும் பரிந்துரைக்கின்றன. வீசிய பந்துகளுக்கேற்ப எத்தனை நாட்கள் ஓய்வு தேவை என்பதும் அவற்றில் வரையறுக்கப்பட்டுள்ளது.

இந்த எண்ணிக்கைகளைக் கடைப்பிடிக்க வேண்டிய பொறுப்பு பெற்றோரிடமும் பள்ளிப் பயிற்சியாளர்களிடமும் உள்ளது. கை வலிக்கிறது என்று ஒரு சிறுவன் கூறும்போது அதை உடனே நம்புவது அதன் முதல் படி. அந்த நம்பிக்கை 1980-இல் ஹூஸ்டனில் ஒரு வீச்சாளருக்குக் கிடைக்கவில்லை.